சவர்க்காரம் போடாத நுரை

தம்பி,

இந்தக் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. பயப்படாதே, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அப்பா வழக்கம்போலப் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டு, இந்த நாடு உருப்படாது என்று கண்ணாடிக்குச் சொல்லிக்கொண்டு சவரம் செய்கிறார். என் புது மருமகள் சுகந்தி வகுப்புக்குப் போய்விட்டாள். ஸ்பொன்சர் விசா அலுவல் முடிந்து உன்னிடம் வந்து சேரும் வரைக்கும் சும்மா இருக்க மாட்டேன் என்று கொம்பியூட்டர் படிக்கிறாள், கெட்டிக்காரி. கலியாண வீட்டுக்கு வந்த சனமெல்லாம் கலைந்து, கடன் வாங்கிய பெரிய சட்டி பானைகளெல்லாம் திருப்பிக் கொடுத்து, இப்போதுதான் எனக்கு எழுத நேரமும் துணிவும் ஒன்றாகக் கிடைத்திருக்கின்றன. துணிவு எதற்கு என்று கேட்பாய். வளர்ந்து, கலியாணமும் முடித்த மகனுக்கு அவனுடைய சிறுநீரைப் பற்றித் தாய் எழுதுவதென்றால் துணிவு வேண்டாமா?

நீ இங்கே நின்ற நாட்களில் நான் குளியலறைக் கதவடியில் உளவு பார்த்தேன் என்று நினைத்துவிடாதே. நம்முடைய பிளாற்றில் குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான் இருக்கிறது. காலையில் நான் தேத்தண்ணீருக்குக் கேத்தில் வைக்கும் நேரத்தில் நீ உள்ளே போவாய். கொமட்டில் தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்கும். ஆனால் கதவு திறக்காது. தாங்கி மெல்ல மெல்ல நிரம்பும் வரைக்கும் நீ உள்ளேயே நிற்பாய். நிரம்பியதும் இன்னொரு தரம் இழுப்பாய். அதன் பிறகுதான் "அம்மா, தேத்தண்ணி ரெடியோ?" என்று கேட்டபடி, ஒன்றும் அறியாத பூனை மாதிரி வெளியே வருவாய். முதல் நாள் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே நடக்க, கனடாச் சாப்பாட்டுக்குப் பழகிய வயிற்றுக்கு நம்முடைய உறைப்பு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்தேன். நீ புறப்பட்ட அன்று காலையில் கீழ்வீட்டார் மோட்டர் போட மறந்து, தண்ணீர் நின்றுவிட்டது. நீ இழுத்தது ஒரே தரம், அதுவும் அரைகுறையாக. உனக்குப் பிறகு நான் போனேன். வெள்ளையாக ஒரு படை நுரை, குமிழி உடையாமல் அப்படியே நின்றது.

 உண்மையைச் சொன்னால், நுரையைக் கண்டு வந்த பயத்தைவிட, நீ இரண்டு தரம் தண்ணீர் இழுத்ததை நினைத்து வந்த பயம்தான் பெரிது. விஷயம் தெரியாதவன் ஒரு தரம் இழுத்துவிட்டுத் தன் பாட்டில் போவான். கண்டு பயந்து, மற்றவர்கள் காணக்கூடாது என்று நினைப்பவன்தான் தாங்கி நிரம்பும் வரைக்கும் காத்து நிற்பான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இப்படி ஒரு மனிதரோடு நான் ஏற்கனவே குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கே உன்னிடம் கேட்டிருப்பேன். ஆனால் வாடகைக்குப் பிடித்த வான் வாசலில் நின்றது, விமான நிலையம் போகும் வழியில் சோதனைக்கு என்று எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவார்களோ என்று எல்லோருக்கும் அவசரம், சுகந்தி ஒரு பக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் "தம்பி, உன்ரை சலத்திலை நுரை போகுதோ?" என்று எந்தத் தாயால் கேட்க முடியும்?

உனக்கு அந்தக் கறுப்புச் சப்பாத்து ஞாபகம் இருக்கிறதா? நீ சாதாரணதரப் பரீட்சை எடுக்கும் வருடம் அப்பா உனக்குத் தந்தது. தீபாவளிக்கு என்று தனக்கு வாங்கி, ஒரு கிழமைகூடப் போடாமல், "காலைக் கடிக்குது, செய்தவன் அளவைப் பிழையாய்ச் செய்துபோட்டான், நீ போடு" என்று உன்னிடம் நீட்டினார். நீ வீடு முழுக்கச் சத்தம் வரும்படி நடந்து திரிந்தாய். பள்ளிக்கூடத்தில் வேறு ஒருவனுக்கும் அப்படி மினுங்கும் சப்பாத்து இல்லை என்று பெருமை பேசினாய். அந்தச் சப்பாத்தின் கதையை நீ முழுதாக அறியமாட்டாய். நாங்கள் சொல்லவில்லை, நீ படிக்கிற பிள்ளை என்று மறைத்துவிட்டோம். இப்போது சொல்கிறேன்.

அப்போது நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், பவளமக்காவின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடான காலம். பொலிஸில் பதிந்து, வீட்டுக்காரி கையெழுத்து வைத்தால்தான் இருக்கலாம். அதனால் வீட்டுக்காரி முகம் கோணினால் எங்களுக்கு இரவு நித்திரை வராது. பவளமக்கா கெட்ட மனுசி இல்லை. ஆனால் தண்ணீர்க் குழாயும் கரண்டும் அவவுக்குப் பெற்ற பிள்ளைகள். பின்பக்கத்தில் இருந்த ஒரே ஒரு கழிப்பறையை அவவும் நாங்களும் சேர்ந்துதான் பாவித்தோம். இழுக்கும் தாங்கி பழுது, வாளியில்தான் ஊற்ற வேண்டும். அப்பா அந்த நாளில் இரத்மலானையில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் வேலை. மாதம் முடிய அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு பை சவர்க்காரத் தூள் சும்மா கொடுப்பார்கள். ஒழுங்கை முழுக்க அவருக்குச் சவர்க்கார ஐயா என்றுதான் பெயர்.

இப்போது பார், இந்த நிலைமையில் கழிப்பறையில் நுரையைக் கண்டால் வீட்டுக்காரி என்ன நினைப்பாள்? ஒரு நாள் காலையில் பவளமக்கா குசினி வாசலில் வந்து நின்றா. "பிள்ளை, சும்மா கிடைக்குதெண்டு சவர்க்காரத் தூளைக் கொமட்டுக்குள்ளை கொட்டுறியளோ? இல்லாட்டி உள்ளை வைச்சு உடுப்புத் தோய்க்கிறியளோ? ஒவ்வொரு நாளும் விடிய ஒரே நுரை. குழாய் அடைச்சால் ஆர் காசு கட்டுறது?" எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பிட்டு அடிப்பிடித்தது. நாங்கள் அப்படிச் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அவ நம்பவில்லை. மாலையில் அப்பா வந்ததும் சொன்னேன். அவர் சாரத்தை மாற்றிக்கொண்டு, பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து அவர் உள்ளே போனால் ஒரு வாளிக்குப் பதிலாக இரண்டு வாளி ஊற்றும் சத்தம் கேட்டது. நுரைச் சண்டை நின்றது, தண்ணீர்ச் சண்டை தொடங்கியது. பவளமக்கா பகலில் பின்பக்கக் குழாயைப் பூட்டத் தொடங்கினா.

குழாய் பூட்டிய ஒரு நாளில்தான், நீ புறப்பட்ட அன்று நான் கண்ட அதே நுரையை, அப்பா போய்வந்த பிறகு கண்டேன். பிடித்துக் கேட்டேன். சவர்க்காரத் தொழிற்சாலை மனிதர் அல்லவா, எனக்கு நுரையின் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கினார். "உயரத்திலை இருந்து வேகமாய் விழுந்தால் எந்தத் தண்ணியும் நுரைக்கும். குழாயடியிலை நீரும் பார்த்திருப்பீரே?" அது உண்மைதான், பின்னர் டொக்டரும் அதைச் சொன்னார். நிறைந்த சலப்பையோடு வேகமாகப் போனால் நுரை வரும், கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கும். இவருடையது அடங்கவில்லை, அதுதான் வித்தியாசம். பவளமக்காவும் சமாதானக் காலங்களில் நல்ல யோசனை சொல்லுவா: "வெக்கையப்பா, பார்லித் தண்ணி குடுங்கோ." கொடுத்தேன். தண்ணீர் நிறையக் குடித்ததால் சிறுநீர் வெளிறி, நுரையும் குறைந்தது. வருத்தம் மாறிவிட்டது என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தோம். அதுதான் நாங்கள் விட்ட பெரிய பிழை, தம்பி. தண்ணீர் குறைவாகக் குடித்ததால் வந்த நுரை என்றால், ஒழுங்காகத் தண்ணீர் குடித்த பிறகு வராமல் போய்விட வேண்டும். பார்லி நிற்பாட்டிய கிழமையே நுரை திரும்பி வந்தது என்றால் அது தண்ணீர்க் குறை இல்லை. அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. அப்பா அந்தக் காலத்தில் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டார். இரத்மலானைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் பஸ்ஸை எந்த இடத்தில் மறிப்பார்கள், எவ்வளவு நேரம் வரிசையில் விடுவார்கள் என்று தெரியாது. வரிசையில் நிற்கும்போது சலம் முட்டினால் ஆமிக்காரனிடம் என்ன சொல்வது? அதனால் காலையில் ஒரு தேத்தண்ணீர், பிறகு வீடு வந்துதான். அவர் மட்டும் இல்லை, வேலைக்குப் போன நம்முடைய சனத்தில் அரைவாசிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். நீ அங்கே டிரக் ஓடிக்கொண்டு, நிற்பாட்ட இடமில்லை என்று அதே பழக்கத்தைப் பிடித்திருக்கிறாய் என்று சுகந்தி வாயால் அறிந்தேன். அவள் கோள் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் வந்தது.

சரி, சப்பாத்துக்கு வருகிறேன். மாலையில் அப்பா காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேல் வட்டமாக ஆழமான ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறார் என்று எண்ணெய் பூசிவிட்டேன். விடிய எழும்பினால் கண் இமை தடித்திருக்கும். நித்திரை கூடிப்போச்சு என்று பகிடி பண்ணினேன். புதுச் சப்பாத்தைச் செய்தவன் பிழையாகச் செய்யவில்லை, தம்பி. அப்பாவின் கால்தான் வீங்கியிருந்தது. நீ ஆசையாகப் போட்டுக்கொண்டு நடந்தாய், அவர் பழைய செருப்பை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு நாள் மாலையில் நான் அவருடைய காலில் பெருவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.  "நாளைக்கு வேலை இல்லை, டொக்டரிட்டைப் போறம்" என்றேன். "டொக்டருக்கு நான் என்னெண்டு சொல்லுறது? நுரை போகுதெண்டு சொல்லச் சொல்லுறீரோ?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு வருத்தத்தைவிட அந்தச் சொல்லுக்குத்தான் பயம்.

பாமன்கடையில் இருந்த டொக்டர் ஒரு சோனகர், முஸ்லிம் மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். பிரஷர் பார்த்தார், கூடியிருந்தது. ஒரு சின்னக் குப்பியில் சிறுநீர் எடுத்துவரச் சொல்லி, அதற்குள் ஒரு கடதாசித் துண்டைத் தோய்த்தார். நிறம் மாறியது. "நொர வந்தா ஒடனே கிட்னி போச்சுன்னு பயப்பட வாணாம்" என்றுதான் தொடங்கினார். வேகமாகப் போனாலும் வரும், தண்ணீர் குடிக்காவிட்டாலும் வரும், கொமட்டில் கழுவிய மருந்து கிடந்தாலும் வரும். காய்ச்சலோடும் கடுமையான உடல் வேலைக்குப் பிறகும் இரண்டொரு நாள் வந்து மாறும். கிருமி இருந்தால் எரிவோடும் மணத்தோடும் வரும். மனைவியோடு இருந்த பிறகு போகும் சிறுநீரிலும் ஆண்களுக்கு நுரை தெரியலாம் என்று அப்பாவின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார், எனக்கும் கேட்டது. நீ புது மாப்பிள்ளை, அதுவாக இருக்கும் என்று நானும் மனதைத் தேற்றிப் பார்த்தேன். ஆனால் மகனே, நீ வந்து இறங்கிய அடுத்த நாள் காலையிலேயே இரண்டு தரம் இழுத்தாய். அப்போது உனக்குத் தாலிக்குப் பொன்னுருக்கல்கூட நடக்கவில்லை.

பிறகுதான் டொக்டர் மற்றதைச் சொன்னார். சிறுநீரகம் தேத்தண்ணீர் வடி மாதிரி. உடம்புக்குத் தேவையான புரதத்தை உள்ளே மறித்து, கழிவை மட்டும் வெளியே விட வேண்டும். சீனி வருத்தமும் பிரஷரும் வருடக்கணக்காக இருந்தால் அந்த வடியின் கண் பெருத்துப் புரதம் ஒழுகும். முட்டை வெள்ளையை அடித்தால் நுரை நிற்பது போல அந்தப் புரதம் நுரையைப் பிடித்து வைத்திருக்கும். சிலருக்குச் சீனியும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் சிறுநீரகமே அழன்றும் இப்படி வரும், இளம் ஆட்களுக்கும் வரும். நோவுக்குக் குளிசையைக் கண்டபாட்டுக்குப் போட்டாலும் சிறுநீரகத்துக்குக் கூடாது. அப்பாவுக்கு இரத்தம் சோதித்தபோது சீனியும் இருந்தது தெரிந்தது. நோவோ எரிவோ ஒன்றும் இல்லாமல், எத்தனை வருடமோ அவர் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். "வலிச்சா வருவீங்க. இது வலிக்காது, அதுதான் இதுட கஷ்டம்" என்றார் டொக்டர். இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவையும் உனக்கு எழுதுகிறேன்.

எவ்வளவு புரதம் போகிறது என்று அறிய ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சேர்த்து, கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில் இருந்த லாப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இந்தக் காலத்தில் ஒரு சின்னக் குப்பியே போதுமாம். அப்போது ஒரு கான் வேண்டும், சவர்க்காரம் படாத சுத்தமான கான். அப்பா தொழிற்சாலையிலிருந்து ஒரு புதுக் கான் கொண்டுவந்தார். உள்ளே ஒன்றும் பட்டதில்லை, ஆனால் வெளியே கொம்பனியின் பெயரும் எச்சரிக்கைக் குறியும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தன. குளிராக வைக்க வேண்டுமாம். பவளமக்காவின் பிரிட்ஜைக் கேட்க முடியுமா? பச்சைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி ஈரத்துணி போர்த்து வைத்தோம். விடிந்ததும் புறப்பட்டோம். "நீர் கொண்டுவாரும், எனக்குச் சரிவராது" என்று கானை என்னிடம் தந்துவிட்டு, பஸ்ஸில் எனக்கு மூன்று இருக்கை முன்னால் போய், என்னை அறியாதவர் மாதிரி அமர்ந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அப்பாவின் வரிசை கெதியாக நகர்ந்தது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அவர் அந்தப் பக்கம் போய் பஸ்ஸடியில் நின்றார். என்னுடைய பையைத் திறந்த ஆமிக்காரப் பொடியன் கானைக் கண்டான். கொம்பனிப் பெயரை வாசித்தான். எச்சரிக்கைக் குறியை வாசித்தான். "மேக்கே மொனவத?" என்று உள்ளே இருப்பது என்னவென்று கேட்டான். நான் பதில் சொல்லுமுன் மூடியைத் திருகிவிட்டான். பஸ் குலுக்கியதில் பொங்கியிருந்த நுரை, திறந்த வாயால் வழிந்து அவன் விரலில் பட்டது. அவன் கானை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கி, துவக்கை நிமிர்த்தினான். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒரேயடியாக விலகினார்கள். அது சிறுநீர் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், என் புருஷனுடையது என்றும் சொன்னேன். மேலதிகாரி ஒருவர் வந்தார். புருஷன் எங்கே, டொக்டர் எழுதித் தந்த துண்டு எங்கே என்று கேட்டார். துண்டு அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

தம்பி, நான் அந்த நேரத்தில் அப்பா நின்ற பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் ஒரு தமிழ் ஆம்பிளை, சோதனை முடிந்து தப்பிப்போன பிறகு, தானாகத் திரும்பி வந்து ஆமிக்காரனுக்கு முன்னால் நிற்பது லேசான காரியமா? பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய்த் தேடுவது? பஸ்ஸில் ஏறிப் போய்விடுங்கள் என்று மனதுக்குள் அவரைக் கெஞ்சினேன். அப்போது எனக்குப் பக்கத்தில் அவருடைய குரல் கேட்டது. "மகே" என்றார். என்னுடையது என்று அர்த்தம். அதிகாரிக்கு விளங்கவில்லையோ என்னவோ, இன்னும் உரத்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மகே மாத்தயா, மே மகே முத்ரா" என்று, ஐயா இது என்னுடைய சிறுநீர் என்றே சொல்லித் துண்டை நீட்டினார். பாமன்கடை டொக்டருக்கு முன்னால் வாய் திறக்காத மனிதர், கடைசியில் அதைச் சொன்னது காலி வீதியில், நடு வெயிலில், துவக்குக்கு முன்னால்.

அதிகாரி துண்டை வாசித்தார், அட்டையைப் பார்த்தார், பொலிஸ் பதிவைப் பார்த்தார். எங்களை ஓரத்தில் நிறுத்தி வைத்து யாரோடோ கதைத்தார். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். எங்களுடைய கலியாணத்துக்குப் பிறகு அவர் தெருவில் வைத்து என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தரம். கடைசியில் அதிகாரி மூடியை இரண்டு விரலால் எடுத்துப் பொடியனிடம் கொடுத்து மூடச் சொன்னார். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்களைப் போகச் சொன்னார்கள். பஸ் போய்விட்டது. அப்பா கானை என்னிடமிருந்து வாங்கி, தானே தூக்கிக்கொண்டு லாப் வரைக்கும் நடந்தார்.

மிச்சத்தில் பாதி உனக்குத் தெரியும். புரதம் நிறையத்தான் போயிருந்தது. ஆனால் சிறுநீரகம் கைவிடவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் போட வேண்டி வந்திருக்கும் என்றார்கள். பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை, உப்புக் குறைந்த கறி, மாதாமாதம் சோதனை. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பழகினார். அதனால்தான் உன்னுடைய கலியாணத்தில் வேட்டி சால்வையோடு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்க அவருக்குக் காலில் பலம் இருந்தது.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஒழுங்காகத் தண்ணீர் குடித்து இரண்டு மூன்று நாள் பார். வேலை நேரத்திலும் குடி. நுரை வந்து கொஞ்சத்தில் அடங்கிப் போனால், பிறகு வரவே இல்லை என்றால் நல்லது, இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டு அம்மாவைத் திட்டு. படையாக நின்று, நாளுக்கு நாள் வந்தால் டொக்டரிடம் போ. கால் வீங்கினாலோ, காலையில் கண்ணிமை தடித்தாலோ, களைப்பும் ஓங்காளமும் இருந்தாலோ, சிறுநீர் குறைந்து போனாலோ பார்த்துக்கொண்டிருக்காதே, உடனே போ. சிவப்பாகவோ கோலா நிறத்திலோ போனால் அன்றைக்கே போக வேண்டும். அப்பாவுக்குச் சீனியும் பிரஷரும் சிறுநீரகக் குறையும் இருக்கின்றன என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லு. அப்படிப்பட்டவரின் மகன் நுரை இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தரம் சோதிக்க வேண்டும். சிறுநீரும் இரத்தமும் பிரஷரும் பார்த்தால் தெரிந்துவிடும், அதில் ஒரு நோவும் இல்லை. நாளைக்குச் சுகந்திக்குப் பிள்ளை உண்டாகும் காலத்தில் நுரையோடு முகம் கை வீங்கி, தலையிடித்து, பார்வை மங்கினால் விடியட்டும் என்று இராதே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. புதுப் பெண்சாதிக்கு முன்னால் குறையோடு நிற்கக்கூடாது என்று நினைக்கிறாயாக்கும். என்னைக் கேள், குறையோடு நின்ற மனிதரின் கையைத்தான் நான் காலி வீதியில் பிடித்துக்கொண்டு நின்றேன், அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த விருப்பம் கலியாணத்தன்றுகூட வந்ததில்லை.

இந்த இடத்தில் அப்பா சவரம் முடித்து வந்து, "ஆருக்கு இவ்வளவு நீளத்துக்கு எழுதுறீர்?" என்று கேட்டார். ஒளித்து என்ன பயன், தாளைக் கையில் கொடுத்தேன். நின்றபடி வாசிக்கத் தொடங்கியவர் கதிரையில் இருந்துவிட்டார். மானம் போய்விட்டது என்று கத்தப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையும் எழுதிவிடும்" என்றார். "துவக்கோடை நிண்டவனுக்கு முன்னாலை நான் என்ரை எண்டு சொன்னனான். கதிரை தந்து இருத்திக் கேக்கிற டொக்டருக்குச் சொல்ல அவனுக்கென்ன வெக்கம்?" எழுதினேன். போய்விட்டார் என்று நினைத்தேன், கதவடியில் நின்றார்.  "அவனுக்கு நுரை போகுதெண்டால் அது நான் குடுத்ததாய்த்தான் இருக்கும். சப்பாத்தைக் குடுத்த மாதிரி."

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கும்போது நான் போனடிக்கு வரமாட்டேன். அப்பாதான் எடுப்பார், விடியவே வந்து பக்கத்தில் இருப்பார். சுகம் விசாரித்து நேரத்தைப் போக்காதே. அவர் ஆமிக்காரனுக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லை அவரிடம் சொல்லு.

அம்மா